அத்தியாயம் 7: பத்துப் பேராகச் சாலை கடப்பது

காலை ஐந்தரை மணி. செம்பரம்பாக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை 48-இன் வடக்கு ஓரம். இன்னும் வெளுக்கவில்லை. ஹாஸ்டல் சந்திலிருந்தும் வாடகை வீடுகளிலிருந்தும் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், மூன்று பேராக வந்து சேர்கிறார்கள். தோளில் டிபன் பை, கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் போன். எதிர் ஓரத்தில் கம்பெனி பஸ் இண்டிகேட்டர் போட்டபடி நிற்கிறது. பத்துப் பேர் சேர்ந்ததும், யாரும் யாரிடமும் எதுவும் சொல்லாமலே, முன்னால் நிற்பவர் ஒரு காலை இறக்குகிறார். அடுத்த நொடி பத்துப் பேரும் தார் ரோட்டில்.

அந்தப் பத்தில் எத்தனை பேர் வண்டி வரும் பக்கம் தலையைத் திருப்பினார்கள்? ஒரு நாள் ஓரமாக நின்று எண்ணிப் பாருங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

தனியாகக் கடக்கும்போது நாம் பயப்படுகிறோம், அதனால் பார்க்கிறோம். கூட்டமாக இருக்கும்போது பயம் போய்விடுகிறது, பார்வையும் கூடவே போய்விடுகிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பூந்தமல்லியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை ஷிஃப்ட் நேரத்தில் நடப்பவர் எவரும் தனியாக நடப்பதில்லை. எனவே சேர்ந்து கடப்பதை ஒரு வேலையாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு ரோடு அல்ல, நான்கு

வண்டியில் போகிறவருக்கு இது ஒரே ரோடு. சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் நடந்து கடப்பவருக்கு நான்கு: வடக்கு சர்வீஸ் ரோடு, சென்னை பக்கம் போகும் மெயின் ரோடு, பெங்களூரு பக்கம் போகும் மெயின் ரோடு, தெற்கு சர்வீஸ் ரோடு. நான்கையும் தனித்தனியாகக் கடக்க வேண்டும். ஒன்றில் கிடைத்த இடைவெளி அடுத்ததில் கிடைக்கும் என்று எண்ணிக் கிளம்பக் கூடாது.

வடக்கிலிருந்து தெற்கே, ஏரிப் பக்கம், கடப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மெயின் ரோட்டில் வண்டிகள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும். அது உங்கள் வலது கைப் பக்கம். சென்டர் மீடியனைத் தாண்டினால் பூந்தமல்லியிலிருந்து வரும். அது இடது கைப் பக்கம். சர்வீஸ் ரோட்டில் இரண்டு பக்கமும் வரும், ஏனென்றால் யூ-டர்னுக்குச் சோம்பல்பட்டு ராங் சைடில் வரும் பைக் அங்கே தினப்படி வழக்கம்.

இந்த ரோடு கிழக்கு மேற்காக ஓடுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. காலை ஆறரை, ஏழு மணிக்குச் சென்னை நோக்கி வரும் டிரைவரின் கண்ணுக்கு நேரே சூரியன். மாலையில் பெங்களூரு நோக்கிப் போகும் டிரைவருக்கு அதே கதி. அவரை நீங்கள் தெளிவாகப் பார்ப்பீர்கள். அவருக்கு நீங்கள் கூசும் வெளிச்சத்தில் ஒரு கறுப்பு நிழல். "நான் பார்த்துட்டேன், அவனும் பார்த்திருப்பான்" என்ற கணக்கு அந்த நேரத்தில் எடுபடாது.

கூட்டம் கொடுப்பது

கூட்டத்தால் நன்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. மூன்று நன்மைகள் உறுதியானவை.

முதலாவது, கண்ணில் படுவது. ஒற்றை ஆள் அரளிச் செடியோடு செடியாக மறைந்துவிடுவார். பத்துப் பேர் மறைய முடியாது. ஒருவருக்காகக் காலை எடுக்காத டிரைவரும் பத்துப் பேரைக் கண்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார்.

இரண்டாவது, எண்ணிக்கையின் காப்பு. பீட்டர் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் பல ஊர்களின் விபத்துக் கணக்கை வைத்து ஒன்றைக் காட்டினார். ஓர் ஊரில் நடப்பவர் எண்ணிக்கை இரு மடங்கானால் மோதல்கள் இரு மடங்காவதில்லை. சுமார் 32 சதவீதம்தான் கூடுகின்றன. அதாவது ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆட்கள் எப்போதும் கடக்கும் இடம் என்று டிரைவர்களுக்குப் பழகிவிடுவதே இதற்குக் காரணம் என்பது அவர் விளக்கம்.

மூன்றாவது, பொறுமை. சிக்னலில் காத்திருப்பவர் கூடக்கூட, சிவப்பு விளக்கில் பாய்பவர் குறைகிறார்கள் என்று 2009-இல் வந்த இஸ்ரேலிய ஆய்வு ஒன்று கண்டது. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் நம்மைக் கட்டிப் போடுகிறது. செம்பரம்பாக்கத்தில் அந்தக் கூச்சத்துக்கு ஒரு எதிரி உண்டு: எதிர் ஓரத்தில் ஹாரன் அடிக்கும் கம்பெனி பஸ்.

கூட்டம் பிடுங்கிக்கொள்வது

ராஜா ஒருவர் குளம் வெட்டி, இரவோடு இரவாக ஊரார் ஆளுக்கு ஒரு செம்பு பால் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போட்ட கதை தெரியும்தானே? எல்லாரும் பால் ஊற்றும்போது நான் ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீர் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். விடிந்து பார்த்தால் குளம் நிறையத் தண்ணீர். ரோட்டோரக் கூட்டத்தில் நடப்பதும் அதேதான். "முன்னாடி நிக்கிறவங்க பார்த்திருப்பாங்க." முன்னால் நிற்பவர் என்ன நினைக்கிறார்? "பின்னாடி இத்தனை பேர் வர்றாங்க, வண்டிக்காரன் நிறுத்திடுவான்." பத்து ஜோடிக் கண் இருந்தும் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சாலை கடப்பவர்களைக் கவனித்து 2010-இல் வந்த ஆய்வு இதை எண்ணில் சொல்கிறது. பக்கத்தில் நிற்பவர் கிளம்பிவிட்டால், நாமும் கிளம்பும் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு கூடுகிறது. பெண்களைவிட ஆண்களே அதிகமாகப் பின்தொடர்ந்தார்கள். அப்படிக் கிளம்பிய சிலர் பாதியில் விழித்துக்கொண்டு திரும்பவும் ஓடினார்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைத்த இடைவெளி அவருக்கு மட்டும் போதுமானது. ஒரு நொடி பிந்திக் கிளம்பும் உங்களுக்கு அது போதாது.

யாரைப் பின்தொடர்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1955-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஆள், ஒரு முறை கோட்டு சூட்டிலும் இன்னொரு முறை அழுக்கு உடையிலும் சிக்னலை மீறிக் கடந்தார். கோட்டு சூட்டுக்குப் பின்னால்தான் அதிகம் பேர் போனார்கள். இங்கே கோட்டு சூட்டு கிடையாது. அந்த இடத்தில் ஐந்து வருட சர்வீஸ் உள்ள சீனியர் அக்காவும் லைன் சூப்பர்வைசரும் இருக்கிறார்கள். அவர்கள் கால் வைத்தால், போன வாரம் சேர்ந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வருவாள். சீனியர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, பேச்சு. பிரான்ஸின் துலூஸ் நகரில் நடைபாதைகளைப் படம் பிடித்து ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். சில இடங்களில் நடப்பவர்களில் 70 சதவீதம் வரை குழுவாகவே நடந்தார்கள். குழு பெரிதாக ஆக வேகம் குறைந்தது. நெரிசல் சற்றுக் கூடும்போது மூன்று பேரும் ஒரே கோட்டில் நடப்பதில்லை: நடுவில் இருப்பவர் கொஞ்சம் பின்வாங்குகிறார், ஓரத்தில் இருக்கும் இருவரும் முன்னால் வந்து உட்பக்கமாகத் திரும்புகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச அதுதான் வசதி. நடைபாதையில் அது அழகான வடிவம். ரோட்டுக்கு நடுவில் அதே வடிவம் வந்தால், வண்டியைப் பார்க்க வேண்டிய ஓரத்து ஆள் வண்டிக்கு முதுகையோ பிடரியையோ காட்டிக்கொண்டு தோழியைப் பார்க்கிறார்.

"ஊர் ஓடினால் ஒக்க ஓடு, ஒருவர் ஓடினால் கேட்டு ஓடு" என்பார்கள். ரோட்டில் முதல் பாதியை மறந்துவிடுங்கள். ஊரே ஓடினாலும் கேட்டுத்தான் ஓட வேண்டும்.

வாலின் கணக்கு

தனி ஆள் கடக்கும் நேரம் அவர் நடையைப் பொறுத்தது. கூட்டம் கடக்கும் நேரமோ கடைசி ஆளைப் பொறுத்தது. தலை ஏறிவிட்டதும் "தாண்டியாச்சு" என்று நினைப்போம். வால் இன்னும் நடு ரோட்டில் இருக்கும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று லேன் என்றால் அகலம் சுமார் 10.5 மீட்டர். சாதாரண நடை நொடிக்கு 1.2 மீட்டர். கடக்க ஏறக்குறைய 9 நொடி ஆகும். அமெரிக்காவில் பள்ளிக்கூடக் கடவைகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பார்த்து முடிவெடுத்துக் கிளம்ப 3 நொடி சேர், முதல் வரிசைக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு வரிசைக்கும் 2 நொடி சேர். அதை நம் ரோட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் தாண்டும் என்பதால், எவ்வளவு தூரம் காலியாக இருக்க வேண்டும் என்பதும் இதிலேயே கிடைத்துவிடும்.

- தனி ஆள்: 12 நொடி. சுமார் 270 மீட்டர் காலியாக வேண்டும்.
- 10 பேர், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை: 14 நொடி. சுமார் 310 மீட்டர்.
- 20 பேர், ஐந்து ஐந்தாக நான்கு வரிசை: 18 நொடி. சுமார் 400 மீட்டர்.
- 10 பேர், ஒருவர் பின் ஒருவராக: 30 நொடி. ஏறக்குறைய 670 மீட்டர்.

முதல் வரியையும் இரண்டாம் வரியையும் ஒப்பிடுங்கள். ஒழுங்காக நின்றால் பத்துப் பேருக்குத் தனி ஆளைவிட இரண்டே நொடிதான் அதிகம். கடைசி வரியைப் பாருங்கள். அதே பத்துப் பேர் ரயில் பெட்டி மாதிரி நீண்டுவிட்டால் அரை நிமிடம். அந்த அளவு இடைவெளி ஷிஃப்ட் நேரத்தில் இந்த ரோட்டில் கிடைக்கவே கிடைக்காது. கூட்டம் ஆபத்தாவதும் காப்பாவதும் அது எந்த வடிவத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே.

சரி, 310 மீட்டரைக் கண்ணால் எப்படி அளப்பது? அளக்க வேண்டாம். விடுமுறை நாளில், பகலில், இரண்டு பேராக நீங்கள் கடக்கும் இடத்துக்குப் போங்கள். ரோட்டில் இறங்காமல் ஓரத்திலேயே நில்லுங்கள். வண்டி வரும் திசையில் ஒரு அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள்: விளம்பரப் பலகை, மஞ்சள் விளக்குக் கம்பம், டீக்கடை. கிலோமீட்டர் கல்லுக்கு இடையே 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். கண்ணில் பட்டால் அதுவும் உதவும். ஒரு வண்டி அந்த அடையாளத்தைத் தாண்டியதும் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். உங்களைத் தாண்டியதும் நிறுத்துங்கள். வேகமாக வரும் பத்துக் கார்களுக்கு இப்படிச் செய்யுங்கள். எல்லாமே 14 நொடிக்கு மேல் எடுத்தால் அதுதான் உங்கள் எல்லைக் குறி. ஒன்றாவது முந்தி வந்தால் இன்னும் தூரத்தில் வேறு அடையாளம் பாருங்கள். வளைவோ மேடோ மறைத்து, அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியவில்லையா? அந்த இடம் கடக்கும் இடமே இல்லை. பக்கத்தில் சுரங்கப் பாதையோ நடைமேம்பாலமோ சிக்னலோ இருந்தால், பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பி அதைப் பிடியுங்கள்.

குறியைத் தாண்டி வண்டி வந்துவிட்டால் இறங்கக் கூடாது. கையைக் காட்டினால் நிறுத்துவான் என்று நம்பியும் இறங்கக் கூடாது. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் கணக்குப்படி, 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி டிரைவர் பார்த்து நிறுத்துவதற்கு 120 மீட்டர் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 180 மீட்டர். நீங்கள் காட்டும் கை ஒரு வேண்டுகோள்தான். பிரேக் டிரைவர் காலடியில் இருக்கிறது.

முறை

பழனிக்குப் பாதயாத்திரை போகும் குழுவைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் யாரையும் விட்டுவிடாமல் கூட்டி வரும் ஒருவர். அந்த ஏற்பாட்டைத்தான் இங்கே பத்து மீட்டர் ரோட்டுக்குச் சுருக்குகிறோம். மூன்று பேருக்கு மட்டும் பொறுப்பு.

வலது கண்: முதல் வரிசையில் வலது ஓரத்தில் நிற்பவர். முதல் மெயின் ரோடு இவர் பொறுப்பு.

இடது கண்: முதல் வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவர். மீடியனைத் தாண்டியதும் பொறுப்பு இவருக்கு மாறும்.

வால்: கடைசி வரிசையில் ஒருவர். புது ஆட்களும் கர்ப்பிணிகளும் மெதுவாக நடப்பவர்களும் இவருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

பிறகு வரிசையாக இப்படி:

1. ரோட்டு ஓரத்துக்கு இணையாக, தோளோடு தோளாக ஐந்து பேர் நில்லுங்கள். பின்னால் இன்னொரு ஐந்து பேர். பத்துக்கு மேல் இருந்தால் அடுத்த குழு அடுத்த இடைவெளிக்குக் காத்திருக்கட்டும்.

2. பேச்சு நிற்கட்டும், போன் பைக்குள் போகட்டும், காதிலிருந்து இயர்போனைக் கழற்றுங்கள். பதினான்கு நொடி வேலைதான்.

3. எல்லாருமே வண்டி வரும் பக்கம் பாருங்கள். வலது கண் கையை நீட்டி எல்லைக் குறியைக் காட்டி, "வலது காலி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் ஒரு காலும் இறங்கக் கூடாது.

4. "நில்லு" என்று சொல்லும் உரிமை பத்துப் பேருக்கும் உண்டு. நேற்றுச் சேர்ந்த பெண் சொன்னாலும் சீனியர் நிற்க வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்பதை ஓரத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

5. வரிசை கலையாமல் சீராக நடங்கள். ஓட வேண்டாம். ஓடினால் கால் வலுவுள்ளவர் முந்துவார், மற்றவர் பிந்துவார், குழு ரயில் பெட்டியாகிவிடும். சீராக நடக்கும் குழு எங்கே போகும் என்று டிரைவரால் ஊகிக்க முடியும். முன்னே நாலு பேர், பின்னே ஆறு பேர் என்று சிதறினால் அவரால் எந்தப் பக்கமும் ஒடிக்க முடியாது.

6. லேன் லேனாக நின்று நின்று கடக்காதீர்கள். ஒரு லேன் தாண்டி வெள்ளைக் கோட்டில் நிற்பது, அடுத்த வண்டி போனதும் அடுத்த லேன்: நம் ஊர்களில் இது பரவலான பழக்கம். தனி ஆளுக்கே அது ஆபத்து. குழுவில் முன்வரிசை கோட்டில் நின்றால் பின்வரிசை ஓடும் லேனில் மாட்டிக்கொள்ளும்.

7. ஒரு வண்டி உங்களுக்காக நின்றுவிட்டதா? அவருக்கு நன்றி சொல்லும்போதே அவருக்கு அடுத்த லேனை எட்டிப் பாருங்கள். நின்ற லாரியை முந்திக்கொண்டு வரும் காருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. கார்களை ஏற்றிப் போகும் நீள டிரெய்லர் என்றால் அதன் மறைவும் அவ்வளவு நீளம்.

8. கடைசி ஆளும் ஏறியதும் வால் "ஏறியாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அது கேட்ட பிறகே முன்வரிசை அடுத்த ரோட்டுக்கு நகரலாம்.

இது விளையாட்டாகத் தோன்றும். முதல் நாள் சிரிப்பு வரும். ஆனால் கையை நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்வது ஜப்பானிய ரயில்வேயில் பிறந்து, அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குள் பரவிய பழக்கம். அங்குள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் சோதித்தபோது, ஒரு எளிய வேலையில் நூற்றுக்கு 2.38 தவறு என்றிருந்தது, இப்படிக் காட்டிச் சொன்னதும் 0.38 ஆகக் குறைந்தது. கம்பெனிக்குள் ஃபோர்க்லிஃப்ட் பாதையைக் கடக்க இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இது புதிதே அல்ல. உள்ளே மஞ்சள் கோட்டை மிதிக்காமல் நடக்கிறோம். கேட்டைத் தாண்டியதும் பழக்கத்தை செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறோம்.

நடுவில் மாட்டும்போது

சென்டர் மீடியன் ஒரு ஓய்விடம் என்றால், அதில் நிற்க இடம் வேண்டும். அகலமான மீடியனில் பத்துப் பேர் நிற்கலாம். கான்கிரீட் தடுப்பு மட்டும் உள்ள இடத்தில் ஒருவர்கூட நிற்க முடியாது. தாண்டிக் குதிக்கவும் கூடாது. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ செடியிலோ கம்பியிலோ சிக்கும் அந்த ஒரு நொடியில், பின்னால் வருபவர் ரோட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

முன்வரிசை மீடியனில் ஏறியதும் அங்கேயே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே தள்ளிப் போய் வாலுக்கு இடம் விடுங்கள். பிறகு புதிதாகத் தொடங்குங்கள்: இடது கண் பார்த்து, காட்டி, "இடது காலி" என்று சொல்லட்டும். முதல் பாதியை நல்லபடியாகத் தாண்டிய துணிச்சலில் இரண்டாம் பாதியை அப்படியே தொடர்வதுதான் கூட்டத்தின் சுபாவம். அதை உடைக்கத்தான் பொறுப்பை வேறு ஆளிடம் மாற்றுகிறோம்.

பாதிப் பேர் கடந்து பாதிப் பேர் நின்றுவிட்டால்? கடந்தவர்கள் எதிர் ஓரத்திலிருந்து "வா, வா, பஸ் கிளம்பிடும்" என்று கூப்பிடக் கூடாது. அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து இந்தப் பக்கத்து வண்டி சரியாகத் தெரியாது. கூப்பிடுவதற்குப் பதிலாக டிரைவர் அண்ணனிடம் போய், "அண்ணா, அஞ்சு பேர் வர்றாங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லுங்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியவை

பஸ்ஸுக்கு முன்னால் கடக்காதீர்கள். நிற்கும் பஸ்ஸின் முன்பக்கம் வெளியே வரும் ஆளை, அதை முந்தும் வண்டிக்காரர் பார்க்க வழியே இல்லை. இறங்கியதும் பஸ் போகட்டும். ரோடு திறந்த பிறகு வரிசை கட்டுங்கள். சாயங்காலம் இறங்கும் கூட்டத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த களைப்பில் வீடு கண்ணுக்குத் தெரிந்தால், ரோடு கண்ணுக்குத் தெரியாது.

நைட் ஷிஃப்ட்டிலும் மார்கழிப் பனியிலும் குழுவின் வலது, இடது கண்களும் வாலும் ஒளி பட்டால் மின்னும் ஜாக்கெட் போடட்டும். மூன்று ஜாக்கெட் போதும், பத்துப் பேருக்கும் வேண்டாம். போன் டார்ச்சைத் தரையில் காட்டுங்கள், டிரைவர் முகத்தில் அடிக்காதீர்கள்.

வெளிமாநிலத் தோழர்கள் குழுவில் இருந்தால் சொற்களை முன்னமே பேசிக்கொள்ளுங்கள். "நில்லு, ருக்கோ" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லப் பழகினால் ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் புரியும். ரோட்டு நடுவில் அகராதி தேட நேரமில்லை.

வடகிழக்குப் பருவமழையில் செம்பரம்பாக்கம் ஏரி அதன் 24 அடியை நெருங்கினால், வேடிக்கை பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். குடும்பம் வேறு வகைக் குழு. கைகோத்துச் சங்கிலியாகக் கடக்காதீர்கள். ஒருவர் பயந்து பின்னால் இழுத்தால் சங்கிலியே நடுவில் நின்றுவிடும். குழந்தை உங்கள் விரலைப் பிடிக்கக் கூடாது. நீங்கள் குழந்தையின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். முந்தைய குடும்பம் கடந்ததைப் பார்த்துப் பின்னாலேயே இறங்காதீர்கள். அவர்கள் இடைவெளியை அவர்களே தீர்த்துவிட்டார்கள்.

அடிபட்டுவிட்டால்

இரண்டு பேர் வண்டிகளை எச்சரிக்கப் போகட்டும், ஒருவர் மட்டும் 108-ஐ அழைக்கட்டும். "யாராவது கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தினால் மறுபடியும் பால் குளம்தான். "கவிதா, நீ கூப்பிடு" என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. அடிபட்டவரைக் கொண்டு சேர்ப்பவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 134-ஏ பிரிவும் சேர்ந்தது. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்தா? 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்த 51-ஈ பிரிவு, நேரமும் இடமும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் அதை வேலையில் நேர்ந்த காயமாகவே எடுத்துக்கொண்டது. எனவே ஷிஃப்ட் நேரம், விபத்து நேரம், இடம் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். கூட வந்தவர்கள்தான் சாட்சி.

எண்ணிக் கேளுங்கள்

குழுவின் கடைசிப் பலம், அதை எண்ண முடியும் என்பது. "இங்கே ரொம்பப் பேர் கடக்கிறோம் சார்" என்ற மனுவுக்கு எடை இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: நெரிசல் மணி நேரத்தில் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மீடியன் உள்ள ரோட்டில் விடை 20 கோடியைத் தாண்டினால் அங்கே வண்டிகளைக் கட்டுப்படுத்தும் கடவை வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மணி நேரத்தில் 300 பேர், 2,000 வண்டி என்று வையுங்கள். 2,000-இன் வர்க்கம் 40 லட்சம். 300 மடங்கு 120 கோடி. தேவையைப் போல ஆறு மடங்கு.

நான்கு பேர் முறை வைத்து ஒரு வாரம் எண்ணுங்கள். தேதி, மணி, ஆட்கள், வண்டிகள். தேசிய நெடுஞ்சாலை 48 என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு; ஒரகடம் வழியாகப் போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியருக்கும் ஒரு நகல். எந்த ஆட்சியர் என்று பாருங்கள்: செம்பரம்பாக்கம் ஊர் திருவள்ளூர் மாவட்டம், மேற்கே ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டம். கம்பெனி சேஃப்டி ஆபீசருக்கும் அதே தாளைக் கொடுங்கள். பஸ் எந்த ஓரத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர் ஒரு போனில் மாற்றிவிட முடியும். பஸ் உங்கள் ஓரத்துக்கே வந்து திரும்பினால், கடக்க வேண்டிய தேவையே இல்லை.

இந்த வாரப் பயிற்சி

திங்கட்கிழமை காலை, உங்கள் குழு கடக்கும்போது நீங்கள் மட்டும் ஓரத்தில் நின்று எண்ணுங்கள். பத்தில் எத்தனை தலை திரும்பியது? அந்த எண்ணை ஹாஸ்டல் காலண்டரில், அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதுங்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம், பெயரும் வேண்டாம். செவ்வாயன்று வேறொருவர் நின்று எண்ணட்டும், புதனன்று இன்னொருவர். எண்ணியவர் அடுத்த நாள் கடக்கும்போது கட்டாயம் திரும்பிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலண்டர் தாளைப் பாருங்கள். மூன்று என்று தொடங்கிய எண் பத்தாகும் வரை, அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டாம்.